கட்டில் அளவு, மடி அளவு
நோயாளிக்காகவே தைக்கப்படும் ஒட்டுப்போர்வைகளின் கதை

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பான் ராணுவத்திடம் வீழ்ந்தது. அடுத்த சில வாரங்களில், ஊரில் மிச்சமிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குடும்பங்களை சாங்கி சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சுமார் 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம், ஆண்கள் சுவருக்கு அந்தப் பக்கம். ராணுவத்தில் இருந்த கணவன்மார்கள் இன்னும் தள்ளி, போர்க்கைதி முகாமில். கணவர் உயிரோடு இருக்கிறாரா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாரா என்று கேட்டறிய வழியே இல்லை. கடிதத்துக்கு அனுமதி கிடையாது.

பெண்கள் பகுதியில் எத்தெல் முல்வானி என்ற கனடாக்காரர் இருந்தார். முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாகச் செயல்பட்டவர். அவர் ஒரு யோசனை சொன்னார்: ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்ட வீரர்களுக்குப் போர்வை தைத்து அனுப்பலாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் 6 அங்குலச் சதுரமாக ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு. அதில் உங்களைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தையுங்கள், கீழே பெயரையும் தையுங்கள். இவ்வளவுதான் நிபந்தனை.

நோயாளிக்குப் போர்வை அனுப்புவதை எந்தக் காவலர் தடுப்பார்? அந்தப் போர்வையில் 66 பெண்களின் பெயர் இருந்தால், அதைப் பார்க்கும் கணவனுக்கு, ‘இவள் இன்னும் இருக்கிறாள்’ என்று தெரிந்துவிடும். வார்டில் ஒருவர் பார்த்தால் போதும், முகாம் முழுக்கச் செய்தி பரவிவிடும். ஜப்பானிய அதிகாரிகள் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக இன்னொரு காரியமும் செய்தார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று. ஆக மூன்று போர்வைகள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். சாமர்த்தியம் என்று சொல்லலாம். ஆனால், தங்களை அடைத்துவைத்தவர்களின் காயத்துக்கும் ஊசி பிடித்ததை வெறும் சாமர்த்தியம் என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சதுரங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பூக்கள் நிறைய. வீடு, கப்பல், தேசச் சின்னங்கள், சிறையைக் கிண்டலடிக்கும் படங்கள். தந்தை வழியில் ஆஸ்திரேலியரான ஷீலா ஆலன் என்ற பதின்வயதுப் பெண், தான் அதுவரை பார்த்தே இராத அந்த நாட்டின் வரைபடத்தைத் தைத்தாள். சிறையில் அவள் ரகசியமாக எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு புத்தகமாக வந்தது. ஒரு தாய், நீல நிற ரிப்பன் கட்டிய முயல்குட்டியைத் தைத்தார் என்று சொல்கிறார்கள். நமக்குப் பிறந்திருப்பது மகன் என்று கணவனுக்குத் தெரிவிக்க அந்த நீலம் போதும்.

போர்வைகளின் பின்பக்கத்தில் ஓர் அர்ப்பணிப்பு வாசகம். காயம்பட்ட வீரர்களுக்கு எங்கள் அனுதாபத்துடன், போர் முடிந்ததும் இதை உங்கள் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்த்துவிடுங்கள் என்று தைத்திருக்கிறார்கள். அதோடு ஒரு கடைசி வரி: இந்தப் போர்வையை டிரை கிளீனிங் செய்வது நல்லது! அரைவயிற்றுக் கஞ்சியோடு சிறையில் இருந்தவர்கள் சலவைக் குறிப்பை மறக்கவில்லை. வீட்டை ஆண்ட பெண்களின் கை அது.

பிரிட்டிஷ் போர்வை இன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. மற்ற இரண்டும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். முல்வானி அத்தோடு நிற்கவில்லை. பசியில் வாடிய பெண்கள் நினைவிலிருந்து சொல்லிக்கொண்ட சமையல் குறிப்புகளைத் தொகுத்து, போருக்குப் பிறகு கனடாவில் புத்தகமாக விற்றார். அந்தப் பணமும் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கே போனது.

தேய்ந்து போனவையே அதிகம்

சாங்கிப் போர்வைகளை நாம் இன்று பார்க்க முடிவதற்குக் காரணம், அவற்றைப் பொக்கிஷமாகக் கருதி யாரோ எடுத்து வைத்ததுதான். ஆஸ்பத்திரிக்காகத் தைத்த போர்வைகளின் பொதுவான கதி அது அல்ல. வேலை செய்த போர்வை கிழிந்துபோகும். மியூசியத்துக்கு வராது.

அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்வோம். 1861-ல் போர் தொடங்கியபோது, வடக்கு மாகாணங்களின் ராணுவத்திடம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்கூடப் போதுமான அளவு இல்லை. அந்த ஆண்டு ஜூனில் ‘சானிட்டரி கமிஷன்’ என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. ஊர் ஊராகப் பெண்கள் சங்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தவற்றைச் சேகரித்து, முத்திரை குத்தி, வார்டுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. போர் முடிவதற்குள் சுமார் இரண்டரை லட்சம் போர்வைகள் அப்படிப் போயின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அவற்றுக்கு ஒரு தனி அளவு உண்டு. வீட்டுக் கட்டிலுக்கான போர்வை அகலமானது. ராணுவ ஆஸ்பத்திரியின் ஒடுங்கிய கட்டிலில் அதைப் போட்டால் இரு பக்கமும் தரையில் புரளும். ஏறத்தாழ 7 அடி நீளம், 4 அடி அகலம் என்று கணக்கு வந்தது. சில ஊர்களில் வீட்டில் இருந்த இரண்டு பெரிய போர்வைகளை வெட்டி மூன்று சின்னப் போர்வைகளாக்கினார்கள். கல்யாணச் சீராக வந்த போர்வையை நடுவில் கத்தரிப்பது லேசான காரியம் இல்லை. எங்கோ கிடக்கும் ஒரு கட்டிலின் அகலத்துக்காக அதைச் செய்தார்கள்.

அந்த இரண்டரை லட்சத்தில் இன்று அடையாளம் தெரிந்து மிச்சமிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை ரத்தத்திலும் சேற்றிலும் சலவையிலும் போயின. பல, செத்தவர்களைச் சுற்றிக் குழிக்குள் இறங்கின.

தப்பிய ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. மெய்ன் மாகாணத்தின் அகஸ்டா ஊரைச் சேர்ந்த சுசானா புல்லன் என்ற ஞாயிறுப் பள்ளி ஆசிரியை, தன் வகுப்பு மாணவிகளோடு சேர்ந்து 1863-ல் தைத்தது. நட்சத்திர வடிவக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மையால் எழுத்து: பைபிள் வசனம், ஆறுதல் மொழி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சில புத்திமதிகள். படுத்துக் கிடப்பவருக்குப் படிக்க ஏதாவது வேண்டும் அல்லவா? எங்களுக்குக் கடிதம் எழுதினால் கட்டாயம் பதில் போடுவோம், போர் முடிந்தும் இது மிஞ்சினால் திருப்பி அனுப்புங்கள் என்றும் எழுதினார்கள். போர்வை வாஷிங்டன் ஆஸ்பத்திரிக்குப் போனது. வீரர்கள் உண்மையிலேயே பதில் எழுதினார்கள். போர்வையும் அகஸ்டாவுக்குத் திரும்பி வந்தது. கேட்டு வைத்ததால் பிழைத்த போர்வை.

நோயாளியே ஊசி எடுத்தால்

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் வசம் ஓர் ஓவியம் இருக்கிறது. தாமஸ் வுட் என்பவர் 1850-களின் நடுவில் வரைந்தது. கிரிமியப் போரில் தலையில் அடிபட்டு, மண்டையோட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாமஸ் வாக்கர் என்ற சிப்பாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஊசி. மடியில் சிவப்பும் கறுப்புமாக ராணுவ உடுப்புத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வை. குடிக்கும் சூதுக்கும் போகாமல் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று அக்காலத்தில் சிப்பாய்களைத் தையலுக்குத் தூண்டினார்கள். இன்று ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்கிறோமே, அது அப்படியொரு பெயர் சூட்டிக்கொள்ளும் முன்பே வார்டில் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஊசி மறுபடி வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது; இம்முறை கனடாவில். அந்நாட்டுப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக பிரிட்டனுக்கு அனுப்பிய போர்வைகள் சுமார் 4 லட்சம் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. குண்டு விழுந்து வீடிழந்த குடும்பங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அவை போயின. மூலையில் சின்னத் துணிச்சீட்டு: கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு. தைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

மகனுக்காக விழித்திருந்த தாய்

2003-ல் அமெரிக்காவின் டெலவேர் மாகாணத்தைச் சேர்ந்த கேத்தரின் ராபர்ட்ஸ் என்பவரின் மகன் இராக் போர்முனையில் ஹம்வி வண்டியில் துப்பாக்கி பிடித்து நின்றுகொண்டிருந்தார். தாய்க்குத் தூக்கம் பிடிக்குமா? அப்போது ஒரு கனவு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நடுராத்திரியில் கட்டில் ஓரத்தில் ஓர் இளைஞன் மனம் உடைந்து குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அடுத்த காட்சியில் அவன் தோளைச் சுற்றி ஒரு குயில்ட், அதாவது ஒட்டுப்போர்வை. முகம் தெளிந்திருக்கிறது. இதிலிருந்து பிறந்ததுதான் ‘குயில்ட்ஸ் ஆஃப் வேலர்’ இயக்கம். முதல் போர்வை அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், இராக்கில் கால் இழந்த ஓர் இளம் வீரருக்குக் கொடுக்கப்பட்டது. இதுவரை 3 லட்சத்துக்கும் மேல் கொடுத்தாகிவிட்டது.

இந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்தது அதன் கறார்த்தனம். அன்பாகக் கொடுப்பதுதானே, எப்படி இருந்தால் என்ன என்ற பேச்சு அங்கே எடுபடாது. அளவுக்குக் கீழ்வரம்பும் உண்டு, மேல்வரம்பும் உண்டு. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்து முழுக்கத் தையல் ஓடியிருக்க வேண்டும். அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டுவிட்டு அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். தைத்தவர் பெயரோடு துணிச்சீட்டு இருக்க வேண்டும். பார்சலில் போட்டுத் தூக்கி எறியாமல், முடிந்தவரை நேரில் தோளில் போர்த்திக் கொடுக்க வேண்டும். வியட்நாம் போரிலிருந்து வந்து, நல்வரவு சொல்ல ஒருவரும் இல்லாமல் வயதாகிப்போன வீரர்களும் இன்று சக்கர நாற்காலியில் வந்து இதை வாங்கிக்கொள்கிறார்கள்.

குழந்தைகளுக்கு ‘பிராஜெக்ட் லைனஸ்’. 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொலராடோவைச் சேர்ந்த கேரன் லூக்ஸ் ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்தார். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது தன் போர்வை எப்படித் துணையாக இருந்தது என்று ஒரு சிறுமி அதில் சொல்லியிருந்தாள். உடனே டென்வரில் உள்ள குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குப் போர்வைகள் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். சார்லஸ் ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’ படக்கதையில் போர்வையை விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் சிறுவன் லைனஸின் பெயரே இயக்கத்துக்கும் வந்தது. இதுவரை 80 லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் குழந்தைகளின் கைக்குப் போயிருக்கின்றன.

சக்கரத்தில் சிக்கக் கூடாது

கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஒரு கணக்கு என்றால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு கணக்கு. இங்கேதான் நல்ல மனசு மட்டும் போதாமல் போகிறது.

முதல் எதிரி சக்கரம். நாற்காலியின் இரு பக்கமும் சுழலும் பெரிய சக்கரத்தில் போர்வையின் ஓரம் சிக்கினால் துணி கிழியும், வண்டி நிற்கும், முன்னால் சரிபவர் விழவும் கூடும். அதனால் மடிப் போர்வையின் அகலம் சுமார் 36 அங்குலம், நீளம் 42 முதல் 48 அங்குலம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூடினால் போதும், பாதத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. கீழ் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுவது அனுபவப்பட்டவர்களின் வழக்கம். கூர்மூலைதான் முதலில் தரையைத் தொடும்.

தையல் தெரிந்தவர்களுக்காக ஒரு கணக்கு. ஆறரை அங்குலச் சதுரங்களாக 42 துண்டுகள் வெட்டுங்கள். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போக, ஒவ்வொன்றும் 6 அங்குலமாக நிற்கும். குறுக்கே 6, நெடுக்கே 7 வைத்துத் தைத்தால் 36-க்கு 42. அதன் அடியில் மெல்லிய பஞ்சு ஷீட், அதற்கும் அடியில் ஒரே துணியாக முதுகுப்பக்கம். மூன்றும் நகராமல் இருக்க ஊக்கு குத்திக்கொண்டு, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தையல் ஓட்ட வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி குமிழும். கடைசியில் சுற்றிலும் பட்டி. பட்டியைத்தான் கை எப்போதும் பிடித்து இழுக்கும், முதலில் நைவதும் அதுதான். எனவே அது இரட்டைத் துணியாக இருக்கட்டும்.

முதுகுப்பக்கத்துக்கு வழவழப்பான துணி ஆகாது. ஸாட்டினோ பாலியஸ்டரோ வைத்தால் மடியிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும். குனிந்து எடுக்க முடியாதவருக்கு அது போர்வையே இல்லை. ஃபிளானல் போன்ற சொரசொரப்பான பருத்தி வேட்டியையோ நைட்டியையோ பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். கண்ணாடி, கைக்குட்டை, செல்போன் வைக்க வலது தொடைக்கு நேராக ஒரு பாக்கெட் தைத்துவிட்டால் அவர் மனசுக்குள் வாழ்த்துவார். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர் என்றால் பாக்கெட் இடப்பக்கம்! இதைத் தைப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இது மேலே போர்த்துவதற்கு மட்டுமே. மெத்தென்று இருக்கிறதே என்று மடித்து உட்காரும் இடத்தில் போட்டுவிடுவார்கள். உணர்ச்சி குறைந்த உடம்பில் அந்தத் தையல் மடிப்பும் முடிச்சும் மணிக்கணக்கில் அழுத்தினால் படுக்கைப்புண் வரும். நாற்காலிக்கென்று டாக்டர் சொன்ன குஷனின் வேலையையும் அது கெடுத்துவிடும்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு வகை இருக்கிறது. அவர்களின் விரல்கள் சும்மா இருக்காது. சேலை நுனியைப் பிய்க்கும், கையில் குத்தியிருக்கும் டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கும். அந்த விரல்களுக்காக, சுமார் இரண்டடிச் சதுரத்தில் ஜிப், வெல்க்ரோ, ரிப்பன், சின்னப் பை, விதவிதமான துணி என்று வைத்துத் தைக்கிறார்கள். திறந்து மூடிக்கொண்டே இருக்கலாம். ஒரே எச்சரிக்கை: எதுவும் கழன்று வாய்க்குள் போகக் கூடாது. பட்டனை நாலு சுற்றுத் தைத்தால் போதாது, பத்துச் சுற்று வேண்டும்.

அடுத்தது சலவை. மருத்துவமனைத் துணிகளை 71 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் குறைந்தது 25 நிமிடம் துவைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் சொல்லும் அளவு. பட்டு, கம்பளி, ஜரிகை எதுவும் இதில் பிழைக்காது. சாயம் போகும் சிவப்புத் துணி ஒன்று இருந்தால் மொத்தப் போர்வையும் ரோஜா நிறமாகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே துணியை வெந்நீரில் அலசிவிடுவார்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும். தைத்து முடித்த பிறகு இன்னொரு முறை, வாசனை இல்லாத சோப்பில். கீமோதெரபி எடுப்பவருக்கு மல்லிகை வாசனை சோப்புகூடக் குமட்டும். வீட்டில் சிகரெட் பிடிப்பவர், பூனை வளர்ப்பவர் இருந்தால் தைப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மிச்சத் துணியும் மிச்ச மனசும்

தானம் என்ற பெயரில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அலமாரியில் இருபது வருஷமாகக் கிடந்த, யாருக்கும் பிடிக்காத துணியை ‘ஆஸ்பத்திரிக்குத்தானே’ என்று தள்ளிவிடும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. நோயாளிக்கும் கண் இருக்கிறது. நாள் முழுக்க அவர் பார்ப்பது கூரையையும் அந்தப் போர்வையையும்தான். உங்கள் மகள் மடியில் போட மாட்டீர்கள் என்றால் அடுத்தவர் மடியிலும் போடாதீர்கள்.

மிச்சத் துணியில் தைப்பதில் தவறில்லை. இந்தக் கலையே மிச்சத்தில் பிறந்ததுதான். வங்காளத்தின் காந்தா, பிகாரின் சுஜனி, கர்நாடகக் கிராமங்களின் கவுதி எல்லாம் பழஞ்சேலையை அடுக்கிக் கைத்தையல் ஓட்டியவை. பலமுறை துவைத்த நூல் சேலையின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு அடுக்குகூட வேண்டாம். இரண்டு பழஞ்சேலை அடுக்கு, இருபுறமும் தையல், அவ்வளவு போதும். ஏசி போட்ட டயாலிசிஸ் வார்டில் நாலு மணி நேரம் அசையாமல் கிடப்பவருக்கு அந்தக் கனமே சரியான கனம். பனியன் துணி மட்டும் வேண்டாம். இழுபடும், தைத்த கட்டம் கோணும்.

தைக்கத் தெரிந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்களாக ஐம்பது தைத்து மூட்டை கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். உங்கள் ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்கோ, வலிதணிப்புச் சிகிச்சை மையத்துக்கோ முதலில் வெறுங்கையோடு போங்கள். அங்குள்ள நர்ஸிடம் நாலு கேள்வி கேளுங்கள்: கட்டிலின் அகலம் என்ன? நாற்காலியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? துணியை யார், எப்படித் துவைக்கிறார்கள்? கொடுத்ததை நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகலாமா? பதிலைக் குறித்துக்கொண்டு ஒரே ஒரு போர்வை தையுங்கள். ஒரு மாதம் புழங்கட்டும். எங்கே நைந்தது, எங்கே சிக்கியது என்று பார்த்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து நோயாளியின் பெயரைத் தைக்க மறக்காதீர்கள். பேனாவால் எழுதினால் வெந்நீர்ச் சலவையில் போய்விடும், நூலால் எழுதுங்கள்.